ஏழு பக்கத்தில் ஒரு பக்கம்

தம்பி,

அப்பா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உனக்குத் தனியாக அனுப்பவில்லை. நம் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில், நாற்பத்தொரு பேரும் பார்க்கிற மாதிரிதான் போடுகிறேன். ஓசூரில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து இதைத் திறக்கும்போது உனக்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். உனக்குப் பேசி முடித்து, நிச்சயத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் நாம் வேண்டாம் என்று சொன்னோமே சுகந்தி, அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாளை நான் இதே குழுவில்தான் போட்டேன். அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் உன் மாமா இதைப் படிக்கட்டும், உன் அத்தை படிக்கட்டும், தினம் காலையில் ரோஜாப்பூ படம் போட்டு வணக்கம் சொல்கிற அத்தனை பேரும் படிக்கட்டும். நீளமாக இருக்கிறது என்று பாதியில் விடுகிறவர்கள் விடட்டும். பாதியைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நம் குடும்பத்துக்குப் புதிதில்லை.

ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து உன் அம்மா ஓமத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுக்கிறாள். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. என்னை நினைத்தால்தான் எனக்குக் குமட்டுகிறது. காலையில் முகம் மழிக்கக் கண்ணாடி முன்னால் நின்றால், சீ, இந்த மூஞ்சியா என்று இருக்கிறது. அறுபத்து மூன்று வயதில் ஒருவனுக்குத் தன் மேலேயே இவ்வளவு அருவருப்பு வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

முதலில் இருந்து சொல்கிறேன், தெரியாதவர்களுக்கும் தெரியட்டும். சுகந்தி சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று அவள் இடது கன்னத்தில், காதுக்கு முன்னால், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு தடம் இருந்தது. ஓரம் கருத்து, நடுவில் வெளுத்து, தோல் கொஞ்சம் சுருங்கிய மாதிரி. பவுடர் போட்டு அவள் அதை மறைக்கவில்லை. முடியை இழுத்துவிட்டுக்கொள்ளவும் இல்லை. தீக்காயமாக இருக்கும் என்று உன் அம்மா சொன்னாள். நான் அவள் கொண்டுவந்து கொடுத்த காபியைப் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாதி டம்ளரை நினைவில் வைத்துக்கொள், பின்னால் திரும்ப வருவேன்.

அதற்கப்புறம் நீங்கள் இருவரும் போனில் பேசிக்கொண்டீர்கள், பிடித்துப்போனது. நிச்சயத்துக்கு நாள் குறித்ததும் அந்தப் பெண்ணே உன்னிடம் சொல்லிவிட்டாள். அது தீக்காயம் இல்லை, லூபஸ் என்று, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற ஒரு வியாதி, தோலில் மட்டும் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் எடுக்கிறேன் என்று. நாளைக்கு யாரும் மறைத்துவிட்டார்கள் என்று சொல்லக் கூடாது என்று தன் மருத்துவக் கோப்பு முழுவதையும், ஏழு பக்கம், உனக்கு அனுப்பினாள். நீ எனக்குத் தள்ளிவிட்டாய். "நீங்கதான லேப்ல இருந்தவரு, பாத்துச் சொல்லுங்கப்பா" என்று கீழே எழுதியிருந்தாய். என்னை நம்பி ஒரு பெண்ணின் உடம்பை என் கையில் கொடுத்தாய்.

நான் என்ன செய்தேன்? ஏழு பக்கத்தில் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். அதில் லூபஸ் சந்தேகம் வந்தால் முதலில் எடுக்கிற 'ஏஎன்ஏ' என்று ஒரு டெஸ்ட், அதற்கு நேரே கொட்டை எழுத்தில் 'பாசிட்டிவ்'. அந்த ஒரு பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து, "இதைப் பார்த்து யாராவது சொல்லுங்கள்" என்று எழுதி இந்தக் குழுவில் போட்டேன். அவள் பெயர், வயது, அவள் அப்பாவின் பெயர், போன் நம்பர் எல்லாம் மேலே அச்சாகியிருந்தது. ஒரு கட்டைவிரலை வைத்து மறைத்துப் படம் எடுத்திருக்கலாம். அந்த அறிவு வரவில்லை.

பண்ருட்டியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற உன் மாமாவுக்கு அதைப் பார்த்ததும் டாக்டர் பட்டமே கிடைத்துவிட்டது. பத்து நிமிஷத்தில் குரல் பதிவு வந்தது. "மச்சான், இது வெளிய இருக்கறது இல்ல, உள்ளுக்குள்ள இருக்கற லூபஸு. சிஸ்டமிக்குனு சொல்லுவாங்க. கிட்னியத் தின்னுரும். புள்ள தங்காது. தெரிஞ்சே போயி கெணத்துல வுழுவாதீங்க, ஆமா." உடனே நாலு பேர் கும்பிடுகிற கை போட்டார்கள். சிதம்பரத்தில் அந்தப் பெண் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற என் அக்கா, உன் அத்தை, "ஐயய்யோ, அது தொட்டா ஒட்டிக்குமாமே, அவுங்க வீட்டுல நான் பலகாரம் வேற சாப்புட்டுத் தொலச்சேனே" என்றாள். யாரோ ஒரு அழுகிற பொம்மை போட்டார்கள். யாருக்காக அழுதார்களோ தெரியவில்லை.

உன் அம்மா மட்டும்தான், "ஏங்க, அந்தப் பொண்ணு தானா வந்து சொல்லியிருக்குது. டாக்டருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு முடிவு பண்ணக் கூடாதா?" என்றாள். "உனக்கு என்னா தெரியும், சும்மா கெட" என்று அவள் வாயை அடைத்தேன். உனக்குப் போன் பண்ணி வேண்டாம் என்றேன். நீ இரண்டு நாள் முரண்டு பிடித்தாய். மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாய், 'அப்பா வேண்டாம்னு சொல்றாரு' என்று. எம்.இ. படித்து, முப்பது வயதாகி, தனியாக வீடு எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறவன் எழுதுகிற வாசகமா அது? எனக்கு என் மேல் இருக்கிற அருவருப்பில் கால் பங்கு உன் மேலும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் அப்பா எனக்கு ஆறு தடவை போன் பண்ணினார். நான் எடுக்கவில்லை. அன்று மத்தியானம் முதுநகர் மீன் சந்தைக்குப் போய் நல்ல நண்டாகப் பார்த்து வாங்கிவந்து, மிளகு தூக்கலாகப் போடச் சொல்லி, விரல் விரலாக உறிஞ்சிச் சாப்பிட்டேன். பெரிய ஆபத்தில் இருந்து மகனைக் காப்பாற்றிவிட்ட நினைப்பு. இன்றைக்கு அந்த நண்டு வாசனை ஞாபகம் வந்தாலே வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது.

இதில் இன்னொரு கேவலம் என்னவென்றால், டெஸ்ட் ரிப்போர்ட் பார்க்கிற வேலையைத்தான் நான் முப்பத்தோரு வருஷம் செய்தேன். சிப்காட் தொழிற்பேட்டையில் அந்த மருந்து மூலப்பொருள் கம்பெனியில் என் மேசைக்கு எத்தனை பாட்டில் வந்திருக்கும், எத்தனை ரீடிங் எழுதியிருப்பேன்! ஒரு தடவை, ஒரு டிரம்மில் இருந்து ஒரே ஒரு சாம்பிள் எடுத்து, அது தப்பாக வந்தது என்று ஒரு கெமிஸ்ட் முழு பேட்ச்சையும் ரிஜெக்ட் பண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். எல்லார் முன்னாலும் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். மேலே, நடுவில், அடியில், மூன்று இடத்தில் எடு. ஒரு டெஸ்ட் சந்தேகத்தைக் கிளப்பினால் வேறு ஒரு டெஸ்ட் வைத்து உறுதி பண்ணு. அதற்கப்புறம் வாயைத் திற என்று கத்தினேன். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாக உன்னிடமும் சொன்னேன், உனக்கு ஞாபகம் இருக்கலாம். டிரம்மில் இருக்கிற மாவுக்கு மூன்று சாம்பிள் கேட்டவன், பெற்றவர்கள் பொத்திப் பொத்தி வளர்த்த ஒரு பெண்ணுக்கு ஒரு ரீடிங் போதும் என்றுவிட்டேன்.

இரண்டு மாதம் போனது. உனக்கு வேறு இடம் பார்க்க ஆரம்பித்தோம். எனக்கு விரல் முட்டிகளில் வலி வந்தது. காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. இங்கே கடலூரில் பக்கத்துத் தெரு டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். ரத்தம் கொடுத்துவிட்டு மறுநாள் போய்க் கவரை வாங்கினேன். லேப் வாசலில் நின்றே பிரித்தேன், பழக்க தோஷம். ஏஎன்ஏ, பாசிட்டிவ். அதே கொட்டை எழுத்து. சுகந்தியுடையதில் இருந்த அளவைவிட ஒரு படி கூட.

ஆமாம். உன் அப்பனுக்கும் பாசிட்டிவ்.

அந்தக் கவரை நான் யாரிடமும் காட்டவில்லை. பீரோவில், வேட்டிக்கு அடியில், பதினொரு நாள் ஒளித்து வைத்திருந்தேன். பண்ருட்டி மச்சானுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதை நாற்பத்தொரு பேரும் கேட்பார்கள் என்பதும் தெரியும். உன் அம்மா துணி எடுக்கப் பீரோவைத் திறந்தால் எனக்குப் பக்கென்றிருக்கும். என் தாளை ஒருத்தர் கண்ணிலும் காட்டாமல் பொத்தி வைக்கத் தெரிந்த எனக்கு, அவள் தாளைத் தெருவில் எறியும்போது மட்டும் கை கூசவில்லை. தூ.

கடைசியில் ரகசியமாக ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்று முடிவு பண்ணினேன். கடலூரில் பார்த்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். சுகந்தியின் கோப்பில் முதல் பக்கத்தில் சிதம்பரத்து டாக்டரம்மா ஒருவரின் பெயர் இருந்தது. இந்த மாதிரி வியாதிக்காரர்களை வியாழக்கிழமை மட்டும் பார்ப்பார் என்று போன் பண்ணிக் கேட்டு, என் ரிசல்ட்டையும் சொல்லிப் பதிந்துகொண்டேன். பழைய கம்பெனி நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, கவரை மஞ்சப்பையில் மடித்து வைத்து, போன வியாழக்கிழமை பஸ் ஏறினேன். சிப்காட்டைத் தாண்டும்போது அந்த வழக்கமான ரசாயன நெடி வந்தது. ஜன்னலோரத்தில் ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை, எனக்கு அது பழகிப்போன நெடி.

டாக்டரம்மா இருந்த இடத்தில் கூட்டம். உட்கார இடமில்லை. சுவர் ஓரமாக நின்றேன். "உக்காருங்க சார்" என்று ஒரு பெண் எழுந்தாள். பார்த்தால் சுகந்தி. இரண்டு மாதத்துக்கு முன்னால் 'மாமா' என்று கூப்பிட்டவள். 'சார்' என்று அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை. இயல்பாகத்தான் சொன்னாள், அதுதான் சுருக்கென்றது. மஞ்சப்பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன், பள்ளிக்கூடத்தில் பிட்டுடன் பிடிபட்டவன் மாதிரி. அந்த நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே இருந்து கத்துகிறாள்: "கடலூர்ல இருந்து வந்த ஐயா யாருங்க? ஏஎன்ஏ பாசிட்டிவ்வு! யூரின் குடுத்துட்டீங்களா?" மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது.

சுகந்தி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "மொதல்ல யூரின் குடுத்துருங்க சார். அது இல்லாம டாக்டர் பாக்க மாட்டாங்க. கிட்னியில ஏதாச்சும் இருக்கான்னு அதுலதான் தெரியும்" என்று சொல்லி, அந்தச் சின்ன டப்பாவை வாங்கி என் கையில் கொடுத்து, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று காட்டினாள். அவள் கையிலும் அதே மாதிரி ஒரு டப்பா இருந்தது. எனக்குப் பதற்றத்தில் ஒரு சொட்டு வரவில்லை. வெளியே வந்து காலி டப்பாவோடு நின்றேன். அவள் தன் பையில் இருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். நான் ஒரு கணம் தயங்கினேன். அழுக்கெல்லாம் அந்த ஒரு கணத்தில்தான் இருந்தது. "குடிங்க சார். ஒட்டாது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். உன் அத்தை சொன்னது அவள் காது வரைக்கும் போயிருக்கிறது என்று அப்போது தெரிந்தது. குடித்தேன். பாட்டில் காலியாகிற வரைக்கும் குடித்தேன்.

டாக்டரம்மா என் தாளைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். வெயிலில் போனால் முகம் சிவந்து தடிக்கிறதா, வாயில் புண் வருகிறதா, முடி கொட்டுகிறதா, காரணமில்லாமல் காய்ச்சல் வருகிறதா, மூச்சு இழுத்தால் நெஞ்சு வலிக்கிறதா, கால் வீங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். என் விரல் நுனி முட்டிகளை அழுத்திப் பார்த்தார். "இது வயசுக்கு வர்ற தேய்மானம் ஐயா. லூபஸ் எல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். "பாசிட்டிவ்னு போட்டிருக்கே?" என்றேன். "ஏஎன்ஏ நல்லா இருக்கறவங்களுக்கும் சில பேருக்கு வரும், வயசானவங்களுக்கு இன்னும் ஜாஸ்தியா வரும். அத மட்டும் வச்சு ஒருத்தருக்கு லூபஸ்னு யாரும் சொல்லக் கூடாது. உங்க யூரின், ரத்த அணு எல்லாம் பாத்துடறேன். நிம்மதியா போங்க."

நான் எழுந்திருக்கவில்லை. "ஒரு பொண்ணுக்கு கன்னத்துல தடம் இருக்குங்கம்மா, அதுக்கும் ஏஎன்ஏ பாசிட்டிவ்னா?" என்று கேட்டேன், யாரோ எவரோ மாதிரி. அவர் என் தாளை ஓரமாக வைத்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். அந்தத் தடத்தில் இருந்து மிளகு அளவு சதை எடுத்துப் பயாப்சி பார்த்தால், அது லூபஸா வேறு ஏதாவதா என்று தெரியும். ஆனால் அது தோலோடு நிற்கிறதா, உள்ளே போயிருக்கிறதா என்று அந்தச் சதைத் துண்டு மட்டும் சொல்லாது. அதற்கு உடம்பு முழுக்கக் கேட்க வேண்டும்: சிறுநீரில் புரதம் இறங்குகிறதா, ரத்த அணுக்கள் குறைகின்றனவா, கிரியாட்டினின் ஏறியிருக்கிறதா, டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா, காம்ப்ளிமென்ட் என்கிற புரதம் குறைந்திருக்கிறதா, மூட்டு, வாய், நெஞ்சு, காய்ச்சல் எல்லாம் எப்படி என்று. "எல்லாம் சரியா இருந்து ஏஎன்ஏ மட்டும் லேசா பாசிட்டிவ்னா, அது தோல் லூபஸ்தான். பின்னாடி கொஞ்சம் பேருக்கு உள்ள போகலாம். அதனாலதான் விடாம திரும்பத் திரும்பப் பாக்கறோம். ஒரு நாளு, ஒரு பேப்பரு, அதுல முடியற விஷயம் இல்ல ஐயா." கல்யாணம் பண்ணலாமா என்று கேட்டேன். "ஏன் பண்ணக் கூடாது?" என்றார். குரலில் எரிச்சல் இருந்தது. இந்தக் கேள்வியை எத்தனை அப்பன்கள் வந்து கேட்டிருப்பார்களோ.

வெளியே வந்தேன். சுகந்தி ரத்தம் கொடுத்த கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போய் முன்னால் நின்று, "அம்மா, என்னை மன்னிச்சுடும்மா. நான் தப்பா படிச்சுட்டேன். உனக்குத் தோல்ல மட்டும்தான், உள்ள ஒண்ணும் இல்ல. இப்பதான் டாக்டரம்மா வெளக்கமா சொன்னாங்க. எங்க வீட்டுல எல்லாருகிட்டயும் சொல்லிடறேன்" என்றேன். பெரிய மனசு பண்ணி விடுதலைப் பத்திரம் கொண்டுவந்தவன் மாதிரி சொன்னேன். என் முகத்தில் ஒரு சிரிப்புகூட இருந்திருக்கும்.

அவள் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே கேட்டாள். "உள்ள இருந்திருந்தா, சார்?"

எனக்குப் புரியவில்லை.

"சிஸ்டமிக்கா இருந்திருந்தா நீங்க பண்ணுனது சரின்னு ஆயிருமா? தோ, அந்த அக்காவுக்கு உள்ளதான் இருக்கு" என்று எதிர் வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண்ணைக் காட்டினாள். "அவுங்க பேப்பர்னா நாலு பேருக்கு அனுப்பலாமா?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அவள் நிறுத்தவில்லை, ஆனால் குரலை உயர்த்தவும் இல்லை. என் அக்கா அந்தப் படத்தைத் தெருவில் இரண்டு பேருக்குக் காட்டியிருக்கிறாள். அது பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழு வரைக்கும் போய்விட்டது. ஒரு அம்மாள் வந்து, தன் பிள்ளையின் நோட்டை இந்த டீச்சர் தொட்டுத் திருத்த வேண்டாம், செக்ஷன் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். இப்போது சுகந்திக்கு வகுப்பு இல்லை. ஆபீஸ் அறையில் ரெஜிஸ்டர் எழுத உட்கார வைத்திருக்கிறார்கள். "புள்ளைங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்து டாட்டா காட்டிட்டுப் போவுதுங்க சார். அதுங்களுக்கு ஒண்ணும் பயமில்ல" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் கண் கலங்கியது. பிறகு எழுந்து, "உங்க ரிப்போர்ட்ட பத்தி நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பயப்படாம போங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

உன்னை மூன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம் உன் முகத்தில் தேமல் வந்தது. உன் பக்கத்தில் உட்கார்ந்த பையனின் அம்மா இடத்தை மாற்றச் சொன்னாள் என்று நீ அழுதுகொண்டு வந்தாய். நான் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஹெட்மாஸ்டர் மேசையை அறைந்து, "என் புள்ள என்ன குஷ்டரோகியா?" என்று கத்தினேன். அந்தக் கேள்வியே எவ்வளவு அசிங்கமான கேள்வி என்று இன்றைக்குத் தெரிகிறது. குஷ்டரோகியாக இருந்தால் மட்டும் தள்ளி உட்கார வைக்கலாமா? அன்று எனக்குப் பட்டது உனக்கான கோபம் மட்டும்தான். சுகந்தி கேட்டதும் அதே விஷயம்தான். எனக்கு உறைக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் மீதியை ஒத்துக்கொண்டேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று மூன்று நாள் பார்த்தேன். முடியவில்லை. தம்பி, நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னது பொய். ஏழு பக்கத்தையும் நான் படித்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. டிஎன்ஏ ஆன்டிபாடி நெகட்டிவ் என்று பார்த்தேன். சிறுநீரில் புரதம் இல்லை என்று பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் அந்த டாக்டரம்மா கைப்பட, தோலில் மட்டும், உள்ளுறுப்புகளில் தற்போது அறிகுறி இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்ததையும் பார்த்தேன். முப்பத்தோரு வருஷம் ரிப்போர்ட் படித்தவனுக்கு இது புரியாதா? புரிந்தது. அந்த ஆறு பக்கத்தையும் ஒதுக்கிவிட்டு, எனக்கு வேண்டிய ஒரு பக்கத்தை மட்டும் பொறுக்கி எடுத்துப் போட்டேன். மீதியை என் மச்சான் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். முடிவு நான் எடுத்ததாகவும் இருக்காது, எல்லாரும் சேர்ந்து சொன்னதாக இருக்கும். மச்சான், நீங்கள் சொன்னது மடத்தனம். ஆனால் உங்களைச் சொல்ல வைத்தவன் நான்.

ஏன் செய்தேன்? அந்தப் பாதி டம்ளர் காபிதான் காரணம். பெண் பார்க்கப் போன அன்றே அந்தக் கன்னத்தைப் பார்த்து எனக்கு அருவருத்தது. கல்யாண ஆல்பத்தில் அந்தத் தடம் தெரியும், சொந்தக்காரன் கேட்பான், நான் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கிட்னியும் இல்லை, பேரப்பிள்ளையும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அந்தப் பெண்ணே நேர்மையாகக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் என்பதால் சொல்லிவிட்டுப் போகிறேன். 'அப்பா சொல்றாரு' என்று இனி ஜென்மத்துக்கும் யாருக்கும் எழுதாதே. நீ அவளிடம் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போனாலும் அவள் கதவைத் திறப்பாள் என்று எந்த நிச்சயமும் இல்லை, திறக்காவிட்டால் அதுதான் நியாயம். ஆனால் போவதாக இருந்தால், 'எல்லாம் நார்மல்தானாமே' என்ற வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு போகாதே. போன வியாழக்கிழமை அவள் கொடுத்த ரத்தத்திலும் சிறுநீரிலும் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை உள்ளே போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அது தெரியாமல் உன்னால் போக முடியும் என்றால் மட்டும் போ. தெரிந்துகொண்டுதான் போவேன் என்றால் ஓசூரிலேயே இரு.

என் பங்குக்கு நான் செய்ய வேண்டியது இரண்டு. நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். அந்தப் படத்தைப் பரப்பியவன் நான், அது ஒட்டுகிற வியாதி இல்லை, அந்த டீச்சருக்கு வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லப் போகிறேன். இந்தத் தடவை மேசையை அறைய மாட்டேன். அக்கா, நீயும் என்னோடு வருகிறாய்.

இரண்டாவது, இதோ. இந்தக் கடிதத்துக்குக் கீழே என் ரத்தப் பரிசோதனைத் தாள் இருக்கிறது. ஏஎன்ஏ பாசிட்டிவ். அவளுடையது எப்படி வந்ததோ அதே மாதிரி ஒரு பக்கம் மட்டும்தான் போட்டிருக்கிறேன். டாக்டரம்மா ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்த பக்கத்தைப் போடவில்லை. என் பெயர், வயது, என் அப்பாவின் பெயர், போன் நம்பர் எதையும் மறைக்கவில்லை.

பார்வர்டு பண்ணுங்கள்.